டெட் இரண்டாம் தாளுக்கு அரசுப் பாடநூல் போதுமா? 6 முதல் 10 வரை ஒரு மதிப்பீடு

ராம்நாட்டுப் பக்கம் பி.எட். முடித்தவர் முதலில் தேடிப் போவது டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான மெட்டீரியல் கட்டைத்தான். அதற்குப் பணம் எடுக்கும் முன் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் 6 முதல் 10 வரையான பாடநூல்களை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. பிடிஎஃப் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கடையில் விற்கும் கைடுகளில் பாதிக்கு மேல் இவற்றிலிருந்து பெயர்த்தெடுத்த வரிகள்தாம்.

6 முதல் 8 வரை எடுக்கும் ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளில் 150 வினா, 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணக்கு-அறிவியலுக்கோ சமூக அறிவியலுக்கோ. பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 90. மற்றப் பிரிவுகளுக்குக் குறைவு, அந்தந்த அறிவிக்கையில் இருப்பதே கணக்கு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. முதல் 30-ஐ விட்டால் மற்ற 120-க்கும் அடித்தளம் இந்தப் புத்தகங்கள்தாம். பாடத்திட்டம் 6, 7, 8; வினாவின் கடினம் அதற்கு மேலும் ஏறும். எட்டோடு நிறுத்துபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

இருப்பதில் சிறந்தது தமிழ்ப் புத்தகம். செய்யுளை மனப்பாடம் செய்துவிட்டு, அதன் கீழே இருக்கும் ‘நூல் வெளி’ பெட்டியைத் தாண்டிப் போகிறார்கள். வினா பிறப்பதே அந்தப் பெட்டியில்தான்: ஆசிரியரின் இயற்பெயர், ஊர், நூல் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, பாவகை. மதுரைக்காஞ்சி பத்துப்பாட்டில் ஒன்று, பாடியவர் மாங்குடி மருதனார். முதுமொழிக்காஞ்சி பதினெண்கீழ்க்கணக்கு, பாடியவர் மதுரைக் கூடலூர் கிழார். இரண்டிலும் காஞ்சி, இரண்டிலும் மதுரை. நான்கு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தமிழ் இலக்கியம் படித்தவரே தடுமாறுவார். ஐந்து வகுப்பின் நூல் வெளிகளையும் ஒரே நோட்டில், நூல் வரிசையில் இல்லாமல் தொகுப்பு வரிசையில் எழுதிக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. ‘கற்கண்டு’ப் பகுதி இலக்கணத்துக்குப் போதும்.

அறிவியல் பரவாயில்லை. ‘உங்களுக்குத் தெரியுமா?’ பெட்டிகளையும் படத்துக்குக் கீழுள்ள குறிப்பையும் விடாதீர்கள். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவருக்கு உயிரியல் பகுதி இடிக்கும், விலங்கியல்காரருக்குக் கணக்கு இடிக்கும். இடிக்கிற பாடத்தை ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்குப் புத்தகத்தில் ‘இவற்றை முயல்க’ பகுதியைப் போட்டுப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. சமூக அறிவியல் தகவல் மூட்டை. வரலாற்று ஆண்டுகள் வகுப்புக்கு வகுப்பு சிதறிக் கிடப்பதால் காலவரிசையை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் சுமார். இலக்கணப் பயிற்சி குறைவு, தமிழ்வழியில் படித்தவருக்குத் தனியாக ஓர் இலக்கண நூல் தேவைப்படும்.

இந்தப் புத்தகங்களில் அறவே இல்லாதது முதல் 30 மதிப்பெண். உளவியலுக்கு பி.எட். முதலாண்டு நோட்ஸைத்தான் தூசி தட்ட வேண்டும். பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பெர்க், எரிக்சன், புரூனர் என்று பெயர்ப் பட்டியலை ஒப்பித்தால் மட்டும் போதாது, வினா சம்பவமாக வரும். ஆறு சிப்பியை நெருக்கி ஒரு வரிசை, இன்னொரு ஆறு சிப்பியைப் பரப்பி ஒரு வரிசை. பரப்பி வைத்ததில்தான் அதிகம் என்று ஐந்து வயதுக் குழந்தை சொல்கிறது. பியாஜேயின் எந்த நிலை? மனச்செயல்பாட்டுக்கு முந்தைய நிலை, 2 முதல் 7 வயது. எண்ணிக்கை மாறாது என்ற பிடிப்பு அந்தக் குழந்தைக்கு இன்னும் வரவில்லை. மண்டபத்திலோ பெரியபட்டினத்திலோ பயிற்சிக்குப் போன பள்ளியில் இதைச் செய்து பார்த்தவருக்கு இந்த வினா மறக்காது. இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சியை ரெக்கார்டு எழுதியே கழித்தவருக்குத்தான் சிரமம்.

வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். இப்போதைய பாடத்திட்டத்தில் 6, 9 ஆம் வகுப்பு நூல்களின் முதல் பதிப்பு 2018. 7, 8, 10-க்கு 2019. அதற்கு முந்தைய சமச்சீர்ப் புத்தகங்கள் பழைய புத்தகக் கடையில் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன, தொட வேண்டாம். தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்று அச்சாகியிருந்தால் அது பழசு, இன்று 38. ஆறு, ஏழுக்கு மூன்று பருவமும் தனித்தனிப் புத்தகம். இரண்டாம் பருவம் மட்டும் காணாமல் போயிருக்கும், எண்ணி வாங்குங்கள். ஜெராக்ஸ் போடுவதென்றால் வரைபடப் பக்கங்களையாவது கலரில் எடுங்கள், கறுப்பு வெள்ளையில் மண் வகையும் மழை அளவும் ஒரே சாம்பல். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்கள் இரும்புக் கம்பி பைண்டிங் போட வேண்டாம், உப்புக்காற்றில் துரு இறங்கித் தாளைக் கறையாக்கிவிடும். பிளாஸ்டிக் ஸ்பைரல் நிற்கும்.

டெட் தேறினால் வேலை என்று நினைத்து இதே கட்டோடு உட்கார்ந்துவிடக் கூடாது. 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தனிப் போட்டித்தேர்வு உண்டு. 2024 பிப்ரவரியில் நடந்த அந்தத் தேர்வில் பாட வினா 150, தரம் கல்லூரிப் பட்டப்படிப்பு. பத்தாம் வகுப்புப் புத்தகம் அங்கே செல்லாது. ஆனால் கட்டாயத் தமிழ்த் தகுதித் தேர்வு என்று 30 வினா, 50 மதிப்பெண் வைத்தார்கள். அதில் 20 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதற்கு இந்தத் தமிழ்ப் புத்தகங்களே போதும், எனவே டெட் முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் போகிறவர்களுக்கோ பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. அங்கே உளவியல் நோட்ஸும் கூட வரும்.

2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபின், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் டெட் எழுதியாக வேண்டிய நிலை. அவர்களுக்கு வகுப்புப் புத்தகம் கையிலேயே இருக்கிறது; தாம் எடுக்காத பாடத்தையும் உளவியலையும் மட்டும் பிடித்தால் கடையில் கட்டு வாங்கத் தேவையில்லை.