தளரும் இம்ப்ளான்ட் திருகை வெறுமனே இறுக்கி அனுப்பினால் ஏற்காதீர்கள்

கீழ்த்தாடையில் அடுத்தடுத்த இரண்டு கடைவாய்ப்பற்களை இழந்திருந்த எனக்கு, ஒரு பொதுப் பல் மருத்துவர் தாடையெலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்ப்ளான்ட் ஒன்றை மட்டும் பொருத்தி, அதன்மேல் இரண்டு பற்களுக்கான கிரவுனை, அதாவது வெளியே தெரியும் செயற்கைப் பல் பகுதியை, அமைத்தார். பின்பல்லுக்கு அடியில் தாங்கல் எதுவும் இல்லை. அது அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. சில மாதங்களில் கிரவுன் ஆடத் தொடங்கியது. சென்றபோதெல்லாம் கிரவுனை இம்ப்ளான்டோடு இணைக்கும் உள்திருகைக் கையால் இறுக்கி அனுப்பினாரே தவிர, அது ஏன் தளர்கிறது என்று அவர் ஆராயவில்லை. கடி எங்கே விழுகிறது என்று காட்டும் வண்ணத்தாளைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் உண்டா என்றும் கேட்கவில்லை. இறுதியில் திருகு உடைந்து, அதன் துண்டு இம்ப்ளான்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. நான் கடினமான எதையோ கடித்ததுதான் காரணம் என்று அவர் என்மீதே பழியைப் போட்டார்.

அது உண்மையல்ல என்பதை, துண்டை அகற்றிய செயற்கைப்பல் நிபுணர் விளக்கினார். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே ஒரு மெல்லிய தசைநார் இருப்பதால், கடிக்கும்போது பல் சுமார் 25 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்) வரை அமிழ்கிறது. எலும்போடு நேரடியாகப் பிணைந்த இம்ப்ளான்ட் 3 முதல் 5 மைக்ரான் அளவுதான் அசைகிறது. ஆகவே மெல்லக் கடிக்கையில் இம்ப்ளான்ட் கிரவுன் எதிர்ப்பல்லை ஏறக்குறையத் தொடாமலும், அழுத்திக் கடிக்கையில் மட்டும் தொடும்படியும் சீரமைக்காவிட்டால், அக்கம்பக்கத்துப் பற்கள் அமிழ, சுமை முழுவதும் அதன்மீதே விழும். அந்தத் தசைநாரிலுள்ள நரம்பு முனைகளும் இல்லாததால், மிகைச்சுமையை நம்மால் சரியாக உணரவும் முடியாது. இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லாதது பெரும் குறை என்பது என் கருத்து.

அந்தரத்தில் நீண்ட பின்பல்லோ நெம்புகோலாகவே வேலை செய்தது. தாடையில் பின்னே செல்லச் செல்லக் கடிவிசை கூடுகிறது. அந்த விசை இம்ப்ளான்டின் அச்சுக்கு வெளியே விழும்போது, அது திருகை வளைத்து இழுக்கிறது. சரியாக இறுக்கிய திருகு நுட்பமாக நீண்டு, அந்த இழுவிசையால் பாகங்களைக் கவ்விப் பிடிக்கிறது. வெளிவிசை அந்தக் கவ்வலை மீறினால் இணைப்பு விலகி, திருகு ஒவ்வொரு கடியிலும் வளைந்து, களைத்து முறிகிறது. பல வகை இம்ப்ளான்டுகளில் அதை முறுக்குவிசை அளக்கும் கருவியால் 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரை இறுக்கி, சுமார் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் இறுக்குவார்கள். உலோகப் பரப்புகளின் நுண்மேடுகள் அமுங்குவதால் முதல் இறுக்கத்தில் ஒரு பகுதி குறைந்துவிடும்.

எனவே, ஒரே இம்ப்ளான்டில் இரண்டு கடைவாய்ப்பற்கள் என்று யாரேனும் கூறினால், இரண்டு இம்ப்ளான்ட் வைக்க எலும்பு போதுமா, இல்லையெனில் பின்பல்லின் இடத்தை அப்படியே விட்டுவிடலாமா என்று கேளுங்கள். கிரவுன் சிறிதளவு ஆடினாலும் அந்தப் பக்கத்தால் மெல்லாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கடியையும் சோதிக்கும்படி வற்புறுத்துங்கள். இம்ப்ளான்டின் தயாரிப்பு, வகை, அளவு ஆகியவற்றைப் பொருத்திய அன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் குறிப்பு தரப்படாததால், பொருந்தும் கருவியும் மாற்றுத் திருகும் எவை என்று கண்டறிவதே அந்த நிபுணருக்கு முதல் வேலையாயிற்று.