வாத்தா, நாட்டுக்கோழியா, காடையா? ராமநாதபுரம் கரையில் மருந்துக்கறி

நீர்ப்பறவை இறைச்சியை ஆயுர்வேத நூல்கள் புகழ்வது உண்மைதான். அது யாருக்கு ஆகும் என்பதையும் அதே இடத்தில் சொல்லியிருக்கின்றன. பலரும் புகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு அந்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்.

சரக சம்ஹிதை, சூத்திரஸ்தானம் 27ஆம் அத்தியாயம் இறைச்சியை எட்டு வகையாகப் பிரிக்கிறது. அன்னம், கொக்கு, சக்கரவாகம் போன்றவை நீரில் திரிவன என்ற வகை. அவற்றின் இறைச்சி கனமானது, சூடு, நெய்ப்பசை உள்ளது, இனிப்பு. உடலைப் பெருக்கும், வாதத்தை நன்றாக அடக்கும், பித்தத்தையும் கபத்தையும் ஏற்றிவிடும். அன்றாடம் உடல் உழைக்கிறவருக்கும் பசித்தீ நன்றாக எரிகிறவருக்கும்தான் இது நல்லது என்று நூலே வரம்பு கட்டுகிறது.

அப்படிப்பட்ட உடல் இந்தக் கரையில் நிறைய உண்டு. சங்கு குளிக்கிறவர், கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள், கரைவலை இழுப்பவர்: மணிக்கணக்கில் தண்ணீரில் நின்று, மேல் நடுங்கி, அகோரப் பசியோடு வீடு திரும்புகிறவர்கள். வாத்துக்கறி இவர்களுக்குப் பொருந்தும். காய்ச்சல் விட்டு நாலு நாள்கூட ஆகாதவருக்கு அதே கறி வயிற்றில் கல்லாகக் கிடக்கும்.

வாத்து சூடா, குளிர்ச்சியா என்று வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்குக்கு நூல்களுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. சரகர் இந்த வகையைச் சூடு என்கிறார். இன்னொரு பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையின் ஆசிரியர் சுசுருதர் இதே கூட்டத்தைக் குளிர்ச்சி, ரத்தப்பித்தத்தை (ரத்தம் கசியும் நோயை) தணிப்பது என்கிறார். ஆனால் அதற்குள் அன்னத்தை மட்டும் எடுத்து, கனம், சூடு, குரலுக்கும் நிறத்துக்கும் வலுவுக்கும் நல்லது, வாதத்தை நீக்கும் என்று தனியாகச் சொல்கிறார். நம் வாத்து அன்னத்தின் குடும்பம், கொக்குக் குடும்பம் அல்ல. எனவே சூடு என்று கொள்வதே சரி. மூலத்தில் ரத்தம் போகிறவர் குளிர்ச்சி என்று நம்பி வாத்துக்கறியைத் தேட வேண்டாம்.

அடுத்த கேள்வி, எந்த வாத்து என்பது.

மார்கழி, தை மாதங்களில் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களில் ஊசிவால் வாத்தும் கிளுவை என்ற சிறு காட்டு வாத்தும் வந்து இறங்கும். இந்த நான்கும் பறவைகள் சரணாலயங்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நீர்நிலைகள். காட்டு வாத்தைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சிறை உண்டு. சட்டத்தை ஒதுக்கி மருத்துவத்தை மட்டும் பார்த்தாலும் அந்தக் கறி தேறாது. குருணை மருந்து (குருணை வடிவப் பூச்சிக்கொல்லி) கலந்த நெல்லைத் தூவிக் காட்டுப் பறவையைப் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது. ஒதுக்க வேண்டிய இறைச்சி என்று சரகர் தரும் பட்டியலில் நஞ்சால் செத்ததும், தானாகச் செத்ததும், மெலிந்ததும் வருகின்றன. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து இளைத்து இறங்கிய பறவையில் நெய்ப்பு எங்கிருந்து வரும்? மருந்துக்கென்று காட்டு வாத்து கேட்பவர் நூலையும் மீறுகிறார், சட்டத்தையும் மீறுகிறார்.

எஞ்சுவது நாட்டு வாத்தும் மணிலா வாத்தும். அதே பட்டியலில் தனக்குரிய இடத்தில் வளராத உயிரின் இறைச்சியும் தள்ளுபடி. அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லும் நத்தையும் மேய்ந்து, கண்மாய்த் தண்ணீரில் அளைந்த நாட்டு வாத்துதான் நூல் சொல்லும் பறவைக்கு மிக நெருக்கம். கூண்டில் அடைத்துக் கருவாட்டுத்தூள் போட்டு வளர்த்தது அப்படியல்ல. கறியிலேயே கவிச்சி ஏறியிருக்கும், எந்த மசாலாவும் அதை மறைக்காது. வீட்டில் வளர்ப்பவர் அறுப்பதற்கு மூன்று வாரம் முன்பே மீன் தீனியை நிறுத்தி நெல், தவிடு, கீரைக்கு மாற்ற வேண்டும். மணிலா வாத்து தென் அமெரிக்கப் பறவை, பழைய நூல்களுக்குத் தெரியாதது. கொழுப்பு குறைவு, நெஞ்சுக்கறி அதிகம். சாப்பாட்டுக்கு அருமை. நூல் சொல்லும் குணத்தை அதன் தலையில் ஏற்றிச் சொல்ல முடியாது.

வாங்கும்போது அலகை வளைத்துப் பாருங்கள். இளசு என்றால் மேல் அலகு சற்று வளையும், நெஞ்செலும்பின் நுனி விரலுக்குக் கொடுக்கும். முட்டை ஓய்ந்த கிழட்டு வாத்தை, வாத்து மேய்க்கும் கிடைக்காரர் மலிவாகத் தள்ளிவிடுவார்; வயது முதிர்ந்த இறைச்சியும் அதே தள்ளுபடிப் பட்டியலில்தான் இருக்கிறது.

சுத்தம் செய்வதில்தான் பாதிக் கறி கெடுகிறது. வாத்தின் இறகில் எண்ணெய் பூசியிருப்பதால் வெந்நீர் சட்டென்று உள்ளே இறங்காது. கொதிநீரில் முக்கினால் தோல் வெந்து கிழியும். சூடு போதாவிட்டால் குருத்து முடி தோலிலேயே நின்றுவிடும். கொதித்த தண்ணீர் மூன்று பங்குக்குப் பச்சைத்தண்ணீர் ஒரு பங்கு கலந்து, பறவையை அமுக்கி, இறகை எதிர்ப்பக்கமாகக் கையால் அளைந்து இரண்டு மூன்று நிமிடம் வைக்க வேண்டும். பிடுங்கி, தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவியபின் வால் மேட்டைப் பாருங்கள். அங்கே மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொட்டை போல எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். அதை அழுத்தாமல், சுற்றி ஒரு விரற்கடை சதையோடு ஆழமாக வெட்டி எறிய வேண்டும். அது நசுங்கினால் சட்டி முழுக்க நாறும்.

உழைப்பாளிக்குத் தோலோடு சமைக்கலாம். மற்றவருக்குத் தோலை உரித்துவிடுங்கள். பண்ணையில் கொழுக்க வளர்த்த வெள்ளை வாத்தில், தோலோடு 100 கிராம் பச்சைக்கறிக்குக் கொழுப்பு 39 கிராம்வரை போகும். தோல் நீக்கினால் சுமார் 6 கிராம். வயலில் மேய்ந்த நாட்டு வாத்து இவ்வளவு கொழுக்காது. ஆனாலும் கொழுப்பு பெரும்பாலும் தோலடியில்தான்.

ஒரு கிலோ கறிக்குச் சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 50, இஞ்சி 40, மிளகு இரண்டு மேசைக்கரண்டி, சீரகம் ஒன்று. குண்டு மிளகாய் நாலைந்து போதும். சூடான கறிக்கு மேலும் காரம் ஏற்றினால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். இளசு முக்கால் மணி நேரத்தில் வேகும், முற்றியது ஒன்றரை மணி நேரம் கேட்கும். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்துவிட வேண்டும்.

கூடவே என்ன பரிமாறுகிறோம் என்பதும் முக்கியம். நீர்ப்பாங்கான இடத்து இறைச்சியோடு தேன், எள், வெல்லம், பால், உளுந்து, முள்ளங்கி ஆகியவற்றை ஒரே வேளையில் உண்ணாதே என்கிறது சரகம். வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நம் பக்கம் கொடுக்கும் உளுந்தங்களியை நினைத்துப் பாருங்கள்: உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். நூல் எள் என்கிறது, எண்ணெய் என்று சொல்லவில்லை. வெல்லம் என்கிறது, கருப்பட்டியின் பெயர் இல்லை. இருந்தாலும் களியும் வாத்துக்கறியும் ஒரே இலையில் வேண்டாம். இரண்டும் கனம். ஒன்று இன்று, மற்றது நாலு நாள் கழித்து. தேங்காய்ப்பால் இந்தப் பாலில் சேராது.

நாட்டுக்கோழியும் சரகர் கணக்கில் நெய்ப்பும் சூடும் உள்ளதே. வாதத்தை நன்றாக அடக்கும், வியர்வையை வரவைக்கும், குரலைத் திறக்கும். முட்டிவலிக்காரருக்கு வாத்திடம் கேட்பதில் பெரும்பகுதி கோழியிலேயே கிடைக்கும், சுமை குறைவு. பிள்ளை பெற்றவளுக்கும் முதலில் கோழிச் சாறுதான். எலும்போடு 250 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், மிளகு, சீரகம், பூண்டு. சிறு தீயில் 400 மில்லியாக வற்றியதும் வடிகட்டி இளஞ்சூட்டில் கொடுங்கள்.

காடை வேறு ரகம். லகு (எளிதில் செரிப்பது), குளிர்ச்சி, இனிப்போடு துவர்ப்பு. பறவைகளில் உடலுக்கு மிகவும் உகந்தது என்று சரகர் தேர்ந்தெடுத்தது லாவம் என்ற காடையைத்தான், அன்னத்தை அல்ல. கடையில் கிடைப்பது பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை, லாவத்தின் உறவு மட்டுமே. ஆனாலும் சின்ன உருவம், குறைந்த கொழுப்பு, சீக்கிரம் வேகும் சதை. காய்ச்சலில் எழுந்தவருக்கு நாலாம் நாள் அரைக் காடைச் சாறில் தொடங்கலாம்.

பறவைக்காய்ச்சல் நோய்க்கிருமியை வாத்து வெளியே காட்டாமலும் சுமக்கும். சுத்தம் செய்பவர் வாயும் மூக்கும் கட்டிக்கொள்ளட்டும். எலும்பருகே இளஞ்சிவப்பு நீர் கசிந்தால் இன்னும் வேகவில்லை. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கியவருக்கும், சிறுநீரக நோய்க்கு மருந்து எடுப்பவருக்கும் மூன்று கறியுமே மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.