முகரும் பயிற்சிப் பெட்டி: நான்கு குப்பிகளால் ஆவதும் ஆகாததும்

கொரோனா தொற்று நீங்கிய பிறகும் மணமும் ருசியும் திரும்பாமல் தவிப்பவர்களுக்கென்று விற்கப்படும் முகரும் பயிற்சிப் பெட்டி ஒன்றைப் பல மாதங்களாகக் காலையும் இரவும் பயன்படுத்தி வருகிறேன். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகியவற்றின் எண்ணெயில் தோய்த்த தாள் வட்டுகள் அடங்கிய நான்கு பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பிகள், ஒரு விளக்கத்தாள், அன்றாடம் குறித்துவைக்க ஒரு குறிப்பேடு ஆகியவையே பெட்டியில் உள்ளன. பயிற்சி என்ற அளவில் இது நம்பி வாங்கத்தக்க பொருள் என்பதே என் முடிவு. ஆனால் நோயாளிக்கு மிகவும் தேவையான சில செய்திகளை விளக்கத்தாள் சொல்லாமல் விட்டிருக்கிறது, மேலட்டையோ சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்கிறது.

முதலில் பாராட்ட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நான்கு மணங்களும் தயாரிப்பாளர் தம் விருப்பப்படி பொறுக்கியவை அல்ல. மணங்களை வகைப்படுத்த முயன்ற ஜெர்மானிய உளவியலாளர் ஹான்ஸ் ஹென்னிங் 1916இல் வகுத்த பிரிவுகளிலிருந்து மலர், பழம், நறுமணப் பொருள், பிசின் என்னும் நான்கை எடுத்து, பிரிவுக்கு ஒரு மணமாக, டிரெஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் ஹம்மலும் அவருடைய குழுவினரும் 12 வாரப் பயிற்சி ஒன்றை நடத்தி அதன் முடிவுகளை 2009இல் வெளியிட்டார்கள். நாள்தோறும் இருமுறை முகர்ந்தவர்களின் மோப்பத்திறன், பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிடுகையில் மேம்பட்டிருந்தது. கொரோனாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சளிக்காய்ச்சல் போன்ற வைரஸ் தொற்றுகளாலும் தலைக்காயத்தாலும் மோப்பம் இழந்தவர்களிடம் சோதிக்கப்பட்ட முறை இது. பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவர்கள் தயக்கமின்றி இதைப் பரிந்துரைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பயிற்சியால் தீங்கு ஏதும் இல்லை என்பது மற்றொரு காரணம். புதுமை காட்டுகிறேன் என்று மணங்களை மாற்றாமல் அந்த அடிப்படையை அப்படியே காத்திருப்பது தயாரிப்பாளரின் பொறுப்புணர்வைக் காட்டுகிறது.

குப்பிகளின் வாய் அகலமானது. மூக்கை அருகே கொண்டுபோய்ச் சிறு சிறு மூச்சாக இழுக்க வசதியாக இருக்கிறது. மணத்தை உணரும் சவ்வு மூக்கின் உச்சியில் ஒதுங்கியிருப்பதாலும், இயல்பாக மூச்சுவிடும்போது உள்ளே செல்லும் காற்றில் சிறு பகுதியே அங்கு சென்று சேர்வதாலும், இப்படி மெல்ல விட்டுவிட்டு உறிஞ்சுவதற்குப் பயன் உண்டு. குப்பிக்குச் சுமார் 20 விநாடி, இடையில் சற்று ஓய்வு, முகரும்போது அந்த மணத்தை மனத்தில் வரவழைத்தல் என்று விளக்கத்தாள் இந்தப் பகுதியைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. எண்ணெயை மூக்கினுள் விடக்கூடாது, தோலில் படவிடக்கூடாது என்ற எச்சரிக்கையும் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

குறை குப்பிக்குள் தொடங்குகிறது. எலுமிச்சை எண்ணெய் விரைவில் ஆவியாகக்கூடியது, காற்றுப்பட்டால் கெட்டும் போவது. சில மாதங்கள் கழித்து அந்தக் குப்பியைத் திறந்து பார்த்தபோது தாள் வட்டு உலர்ந்து ஓரங்கள் மஞ்சளித்திருந்தன. கிராம்புக் குப்பியிலோ எண்ணெயின் பளபளப்பு இன்னும் இருந்தது. மணம் தெரிந்தவருக்கு இது அற்பமான செய்தி. மோப்பம் இழந்தவருக்கோ, மங்கியது எண்ணெயா தம் மூக்கா என்று கண்டறிய வழியே இல்லை. ஒன்றும் தெரியவில்லையே என்று உள்ளம் சோர்ந்துபோகிற நாளில், உண்மையில் வெறும் தாளைத்தான் அவர் முகர்ந்துகொண்டிருப்பார். வலுவான மணங்களைக் கொண்டு பயிலும்போது பலன் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், இது மனச்சோர்வோடு நிற்கிற சிக்கலும் அல்ல. எண்ணெய் ஊற்றிய நாளும் மாற்ற வேண்டிய நாளும் குப்பியின் மேல் அச்சிடப்பட வேண்டும். அதுவரை, மோப்பம் குறையாத ஒருவரைக் கொண்டு மாதம் ஒருமுறையேனும் நான்கு குப்பிகளையும் முகரச் சொல்லிச் சரிபார்ப்பது அவசியம்.

யூகலிப்டஸ் குப்பி வேறு வகையில் ஏமாற்றும். அதன் எண்ணெய் மோப்ப நரம்பை மட்டுமன்றி, குளிர்ச்சி, எரிச்சல், காரம் ஆகியவற்றை உணர்த்தும் முக்கிளை நரம்பையும் தூண்டுகிறது. மோப்பம் அறவே இல்லாதவருக்கும் அந்தக் குளிர்ச்சி மூக்கில் தெரியும். அதை மணம் என்று எண்ணிக் குறிப்பேட்டில் மதிப்பெண் போட்டுவிடுவது எளிது. ரோஜா மணத்தில் இந்தக் கலப்பு மிகக் குறைவு. ஆகவே முன்னேற்றம் உண்டா என்று அறிய விரும்புகிறவர் ரோஜாக் குப்பியின் மதிப்பெண்ணையே பெரிதும் நம்ப வேண்டும். இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய இந்தச் செய்தி விளக்கத்தாளில் எங்கும் இல்லை.

வைரஸ் மோப்ப நரம்பு செல்களை அழித்துவிடுகிறது என்று விளக்கத்தாள் ஒரே வரியில் எழுதியிருப்பதும் படிப்பவரை வீணாக அச்சுறுத்தும். வைரஸ் உடலுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்னும் புரதம், மோப்ப நரம்பு செல்களைச் சூழ்ந்து தாங்கும் துணை செல்களில்தான் மிகுதியாக உள்ளது என்பது 2020இலேயே தெரியவந்தது. துணை செல்கள் தாக்கப்படுவதால் நரம்பு செல்கள் செயலிழக்கின்றன. அந்தத் துணை செல்கள் விரைவாகப் புதுப்பிக்கப்படுவதே பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பிவிடுவதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. நெடுநாள் திரும்பாதவர்களின் சவ்வில் அழற்சி நீடிப்பதையும் பின்னர் கண்டறிந்திருக்கிறார்கள். அதற்கும் மேலாக, மோப்ப நரம்பு செல்கள் வாழ்நாள் முழுவதும் அடிப்படைச் செல்களிலிருந்து புதிதாகத் தோன்றக்கூடியவை. இந்தப் பயிற்சிக்குப் பொருள் தருவதே அந்தத் தன்மைதான். நம்பிக்கை தரும் உண்மை கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு அழிவைப் பற்றி எழுதியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

மேலட்டையில் 'இழந்த சுவையை மீட்டுத் தரும்' என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றில் உள்ள சுவை) ஆகியவற்றை நாவு உணர்கிறது. உணவின் ருசி என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது வாயின் பின்புறமாக மூக்கின் உச்சிக்கு ஏறும் மணமே. சர்க்கரை இனிக்கிறது, உப்பு கரிக்கிறது, ஆனால் உணவு மண்போல் இருக்கிறது என்பவருக்குக் குறை மூக்கில் இருக்க வாய்ப்பு மிகுதி. அவருக்கு இந்தப் பயிற்சி உதவலாம். கொரோனாவில் நாவின் சுவையுணர்வும், மிளகாயின் காரத்தை உணரும் திறனும்கூடக் குறைந்ததாக நோயாளிகள் பலர் தெரிவித்திருக்கிறார்கள். அவற்றை நான்கு குப்பிகளை முகர்ந்து மீட்க முடியாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் வாக்குறுதி தருவது முறையன்று.

எனினும் நான் மிகுதியாகக் குறைகூற விரும்புவது, மணத்திரிபு பற்றிய மௌனத்தைத்தான். மீண்டு வரும் வழியில் பலருக்கு, இருக்கும் மணம் வேறொன்றாகத் தெரிகிறது. காப்பி, வெங்காயம், பூண்டு, வறுத்த இறைச்சி, முட்டை ஆகியவை பலருக்குக் கருகலாகவும் அழுகலாகவும் நாறுகின்றன. காப்பியின் மணத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மம் ஒன்று, மிக நுண்ணிய அளவிலேயே, இந்தத் திரிபைப் பலரிடம் தூண்டுவதை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். எனக்கு ஒருநாள் கிராம்புக் குப்பியிலிருந்து எரிந்த ரப்பரின் வாடை வந்தது. எண்ணெய் கெட்டுவிட்டதோ என்று பிறரிடம் கொடுத்துப் பார்த்தேன்; அவர்களுக்கு நல்ல கிராம்பு மணம். குறிப்பேட்டில் மணத்தின் வலிமைக்குச் சுழியம் முதல் ஐந்து வரை கட்டங்கள் உண்டு. அது என்ன மணமாகத் தெரிந்தது என்று எழுத இடமில்லை. பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்தேன். திரிபு தோன்றுவதை நரம்புகள் மீண்டும் இணைவதன் அறிகுறியாக மருத்துவர்கள் பலர் பார்க்கிறார்கள். அதை அறியாதவரோ, நிலைமை மோசமாகிவிட்டது என்றெண்ணிச் சரியாக அந்தக் கட்டத்தில்தான் பயிற்சியைக் கைவிடுவார்.

இத்தனை குறை இருந்தும் குறிப்பேட்டுக்காகவே பெட்டியைப் பரிந்துரைப்பேன். எண்ணெய்களைத் தனித்தனியே வாங்கி இதே பயிற்சியைச் செய்யலாம், பலனில் குறைவிராது. ஆனால் மாற்றம் மிக மெதுவாக வருவதால் அன்றாட நினைவில் அது பிடிபடுவதில்லை. பழைய பக்கங்களைப் புரட்டும்போதுதான் ரோஜாவின் கட்டம் சுழியத்திலிருந்து ஒன்றுக்கும், பிறகு இரண்டுக்கும் நகர்ந்திருப்பது கண்ணில் படுகிறது.

தலையில் அடிபட்ட பிறகு மணம் போனவர்களும், ஒரே மூக்குத்துளையில் அடைப்போ இரத்தக்கசிவோ உள்ளவர்களும் பெட்டியை வாங்குமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மோப்பம் திரும்பும்வரை வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவியும் எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவியும் வைத்துக்கொள்வது நல்லது. மூக்கில் இடும் துத்தநாக மருந்துகளை நாடவே கூடாது. அவற்றால் மோப்பமே போகக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்திருக்கிறது. முதல் 12 வாரம் முடிந்தபின் மெந்தால், தைம், மாண்டரின் ஆரஞ்சு, மல்லிகை என்று மணங்களை மாற்றித் தொடர்ந்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்ததாகவும் ஓர் ஆய்வு உண்டு. இதே தயாரிப்பாளர் அந்த இரண்டாம் தொகுப்பையும் விற்கிறார். அதை வாங்க எண்ணியிருக்கிறேன், குப்பிகளில் நாள் அச்சிடும்படியும் என்ன மணமாகத் தெரிந்தது என்று எழுதக் குறிப்பேட்டில் இடம் சேர்க்கும்படியும் கேட்டு அவருக்கு எழுதியிருக்கிறேன்.