ஸ்டியரிங் கிட்டும் டீசல் மீட்டரும்: எதை வாங்கலாம், எதைக் கழற்றிப் பார்த்தாலே போதும்

உள்ளே டீசல் இன்ஜின் வைத்த ஃபைபர் படகுகளுக்கு இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, ஒற்றைக் கேபிளில் இயங்கும் ரோட்டரி ஸ்டியரிங் கிட். மற்றது, ஸ்டீல் குழாயில் காந்த மிதவை ஏறி இறங்கி டீசல் மட்டத்தை அளக்கும் டேங்க் யூனிட்டும் அதற்குரிய டீசல் மீட்டரும். பழைய சங்கிலி, வயர் ரோப் ஏற்பாட்டோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போன உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைக்காரர்கள் இவற்றைப் பற்றி விசாரிப்பது நியாயம்தான். இரண்டும் நல்ல சரக்கு. ஆனால் "அண்ணாச்சி, ஸ்டியரிங் டைட்டா இருக்கு, டீசல் முள்ளும் செத்துப்போச்சு, ரெண்டு செட்டு கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தால், பாதிப் பொருள் பெட்டியைவிட்டே வெளியே வர வேண்டிய அவசியம் இருக்காது. கோளாறு இருக்கும் இடம் வேறாக இருந்தால் புது கிட் போட்ட பிறகும் சக்கரம் அதே கனத்தோடுதான் சுற்றும்.

முதலில் ஸ்டியரிங் கிட். பெட்டிக்குள் சக்கரத்துக்குப் பின்னால் பொருத்தும் கியர் பெட்டி, அதன் பிளாஸ்டிக் முகப்பு, கேபிள் ஆகியவை இருக்கும். சக்கரம் பெரும்பாலும் தனி. கியர் தண்டு முக்கால் அங்குலம், முனை கூம்பு, சாவி வைத்தது. உங்களிடம் உள்ள பழைய மரச் சக்கரத்தின் துளை நேராக இருந்தால் இதில் உட்காராது. கேபிளின் மறுமுனையில் இருப்பது 5/8 அங்குல ஸ்டெயின்லெஸ் தண்டு. அது வெளியே தொங்கவிடும் அவுட்போர்டு இன்ஜினின் குழாய்க்குள் நுழைவதற்காகச் செய்தது. உள்ளே இன்ஜின் வைத்த படகில் கேபிளின் வெளியுறையை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்பும், தண்டு முனையைச் சுக்கான் கையோடு, அதாவது சுக்கான் தண்டைத் திருப்பும் நெம்புகோலோடு, சேர்க்க ஒரு பால் ஜாயின்டும் (குண்டு மூட்டு) வேண்டும். இரண்டையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இந்த விஷயத்தைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். கிட்டின் முதல் குறை இதுதான்.

இரண்டாவது, கணக்கு. கேபிள் தண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகரும் தூரம் 9 அங்குலம், அதாவது ஏறத்தாழ 230 மில்லிமீட்டர். சுக்கான் இருபக்கமும் 35 டிகிரி திரும்ப வேண்டும் என்றால், சுக்கான் தண்டின் நடுவிலிருந்து பால் ஜாயின்ட் வரை கையின் நீளம் 20 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். படகு கட்டிய ஓடாவி பழைய வயர் ரோப்புக்காக 30 சென்டிமீட்டரில் கை வைத்திருந்தால் சுக்கான் 22 டிகிரியோடு நின்றுவிடும். முகத்துவாரத்தில் திருப்பும்போது படகு சொன்ன பேச்சு கேட்காது. 15 சென்டிமீட்டர் கையாக இருந்தால் கோணம் கிடைக்கும். ஆனால் தூக்க வேண்டிய பாரம் கூடும், கேபிள் தண்டு முடியுமுன்பே சுக்கான் தடுப்பில் இடித்து நிற்கும். சுக்கான் நேராக இருக்கும்போது கேபிள் கைக்குச் செங்குத்தாகவும், தண்டு தன் ஓட்டத்தின் சரிபாதியிலும் நிற்கும்படி கிளாம்பை வைக்க வேண்டும். இது தவறினால் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி, மறுபக்கம் பாதியில் முட்டும். புது கிட் மேல் வரும் முக்கால்வாசிப் பழி இந்த ஒரு பொருத்தத்தில் பிறப்பதுதான்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன் அரை மணி நேர வேலை ஒன்று இருக்கிறது. சுக்கான் கையிலிருந்து கேபிள் முனை போல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு, சுக்கானைக் கையால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிப் பாருங்கள். அடுத்து, தனியாக நிற்கும் கேபிளோடு சக்கரத்தைச் சுற்றுங்கள். பிறகு கேபிளை கியர் பெட்டியிலிருந்தும் உருவிவிட்டு, வெறும் சக்கரத்தைச் சுற்றுங்கள். எந்தப் படியில் இறுக்கம் மறைகிறதோ, அதற்கு முன் கழற்றிய பகுதிதான் குற்றவாளி. நிற்கும்போது இலேசாகவும் ஓடும்போது மட்டும் கனமாகவும் இருந்தால் அது உராய்வுக் கோளாறே இல்லை. சுக்கான் பலகை பெரிதாக இருக்கலாம், தண்டுக்கு முன்பக்கம் பலகை போதாமல் இருக்கலாம், புரொப்பெல்லர் திருகுவிசை ஒரு பக்கமாக இழுக்கலாம். கையை விட்டாலும் சக்கரம் தானே சுழலாத வகை கியர் பெட்டி இந்த இழுவைக்கு உதவும். இறுக்கத்துக்கு உதவாது.

நம் கரையில் பெரும்பாலும் சுக்கான் பக்கமே குற்றவாளி. தண்டு படகுக்குள் வரும் இடத்தில், பேக்கிங் கயிற்றை நட்டால் அழுத்தி நீரை அடைக்கும் பகுதிதான் கிளாண்ட். அதில் நீர் சொட்டினால் நட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. புரொப்பெல்லர் தண்டுக்கு நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு வேண்டும். சுக்கான் தண்டு சுழல்வதில்லை, மெல்லத் திரும்புவதோடு சரி. அதனால் சொட்டே இல்லாமல் வைக்கலாம். ஆனால் அதை நட்டை முறுக்கிச் சாதிக்கக் கூடாது, புதுப் பேக்கிங் போட்டுச் சாதிக்க வேண்டும். பூட்டு நட்டைத் தளர்த்தி, கிளாண்ட் நட்டை அரைச் சுற்று பின்னால் விடுங்கள். சக்கரம் இலேசானால் விடை கிடைத்துவிட்டது. பிறகு பழைய பேக்கிங்கை முழுவதும் தோண்டி எடுங்கள். மேலே ஒரு வளையம் மட்டும் புதிதாய்ப் போடுவது ஏமாற்று வேலை. தண்டின் அதே பருமனுள்ள குழாயில் பேக்கிங்கைச் சுற்றி, சாய்வாக வெட்டி, மூன்று அல்லது நான்கு வளையமாக வையுங்கள். வெட்டு வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மூன்றில் ஒரு பங்கு திருப்பி வைக்க வேண்டும். நட்டைக் கையால் முறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் போடுங்கள். கிளாண்ட் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் இந்த வேலையைக் கரையேற்றிய பிறகுதான் தொட வேண்டும்.

பேக்கிங் சரியாக இருந்தும் சுக்கான் நகர மறுத்தால் தண்டைத் தாங்கும் உருளை வளையமான புஷ்ஷைப் பாருங்கள். நைலான் தண்ணீரை உறிஞ்சி உப்பும். கடைசலில் கச்சிதமாகக் கடைந்து போட்ட புஷ், கடலில் ஊறிய பிறகு தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் இப்படி உப்பாது. மணலில் இழுத்து ஏற்றும் படகுகளில் கீழ் புஷ்ஷுக்குள் மணல் புகுந்து அரைப்பது வேறு. நரம்பு வலைத் துண்டு, பாசி, சிப்பி எல்லாம் சுக்கானுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே சிக்கியிருக்கும். இவற்றில் எதற்கும் எந்தக் கிட்டும் மருந்தல்ல.

கேபிள்தான் குற்றவாளி என்று உறுதியானால் கேபிளை மாற்றுங்கள். கியர் பெட்டி நன்றாகச் சுற்றினால் முழு கிட் தேவையில்லை, அதே ரகக் கேபிள் மட்டும் போதும். நீளம் பழைய கேபிளின் உறையில் அடி கணக்கில் அச்சிட்டிருக்கும். அழிந்துபோயிருந்தால் போகும் வழியோடு கயிறு விட்டு அளந்து, வளைவுகளோடு சேர்த்துச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிளைத் தொங்கவிட்டு எண்ணெய் ஊற்றுவதுபோல இதிலும் டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றும் பழக்கம் இருக்கிறது. கிளட்ச் கேபிள் இழுக்க மட்டும் செய்யும். இது இழுக்கவும் தள்ளவும் வேண்டும், உள்கம்பி உறைக்குள் இறுக்கமாக, தன் கிரீஸோடு அடைத்து வருவது. டீசல் அந்தக் கிரீஸைக் கழுவிவிடும். சில நாள் இலேசாக இருக்கும், பிறகு துரு வேகமாகப் பிடிக்கும். கிரீஸ் கன் வைத்து அடிப்பவர்களும் உண்டு. அது உள்ளே கெட்டியாகி, முன்பைவிட மோசமாக்கும். கிரீஸ் போட வேண்டிய இடம் வெளியே தெரியும் தண்டும் பால் ஜாயின்டும்தான். பழைய உப்புக் கிரீஸைத் துடைத்தெடுத்த பிறகு, நீரில் கரையாத மரைன் கிரீஸ் போட வேண்டும். உறை வெடித்திருந்தாலோ, முனையில் துருத் தண்ணீர் கசிந்தாலோ, தண்டில் குழி விழுந்திருந்தாலோ அந்தக் கேபிளோடு ஆடி மாதக் கச்சான் காற்றில் போகாதீர்கள்.

புதுக் கேபிளை எங்கும் 20 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. நீளம் மிஞ்சிவிட்டது என்று பாம்புச் சுருளாகச் சுற்றிவைத்தால், பிறந்த அன்றே அது கிழவனாகிவிடும். இன்ஜின் எக்ஸாஸ்ட் பக்கம் போனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பூச்சு உருகி ஒட்டும். சுய பூட்டு நட்டைக் கழற்றினால் திரும்பப் போடாமல் புதிது போடுங்கள்.

பெரிய விசைப்படகுக்கு இந்தக் கிட்டை யாராவது சிபாரிசு செய்தால் கேட்க வேண்டாம். அந்தச் சுக்கான் பாரத்துக்கு ஹைட்ராலிக்தான். அதிலும் ஒரு சொல்: சக்கரம் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று, கனமாகச் சுற்றினால் சிலிண்டர் தண்டில் அரிப்பு அல்லது உப்பிய சீல். எண்ணெய் குறைந்தது என்று பிரேக் ஆயிலை ஊற்றியவர்களின் சீல்கள் உப்பித்தான் போகும்.

இனி டீசல் மீட்டர். இங்கே டேங்க் யூனிட்டுக்கு முழு மதிப்பெண், மீட்டருக்குப் பாதி. காரணம், மீட்டர் கெடுவது அபூர்வம், புதிது பெரும்பாலும் தேவைப்படாது. முதலில் சோதித்துவிட்டு வாங்குங்கள். மீட்டரின் பின்னால் மூன்று முனை இருக்கும்: சாவி போட்டால் மின்சாரம் வருவது, எர்த் (பேட்டரி நெகட்டிவ்), டேங்க் யூனிட்டிலிருந்து வரும் வயர். மரைன் வயரிங்கில் இந்தக் கடைசி வயர் இளஞ்சிவப்பு. சாவியைப் போட்டு, அதைக் கழற்றுங்கள். அமெரிக்க முறை மீட்டர் என்றால் முள் காலிக்கு வரும். அதே முனையை ஒரு வயரால் எர்த்தோடு தொட்டால் நிறைவுக்குப் போகும். இரண்டும் நடந்தால் மீட்டர் உயிரோடு இருக்கிறது. இந்தச் சோதனையை மீட்டர் பக்கத்தில்தான் செய்ய வேண்டும். டேங்கின் வாயருகே பொறி பறக்க வயரை உரசிப் பார்க்கக் கூடாது, டீசலாக இருந்தாலும்.

அடுத்தது எர்த். ஃபைபர் டேங்க், பிளாஸ்டிக் டேங்க் இரண்டும் மின்சாரம் கடத்தாது. யூனிட்டின் தட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை தனி வயர் போயே ஆக வேண்டும். அந்த வயரின் முனை பச்சை பூத்துப்போனால் அமெரிக்க முறை மீட்டரில் முள் காலியிலேயே படுத்துவிடும், டேங்க் நிறைந்திருந்தாலும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு, தட்டுக்கும் நெகட்டிவ் வயர் முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். ஈயம் பூசிய செம்பு வயராகப் போட்டால் உப்புக்காற்றில் கொஞ்ச காலம் தாங்கும். இந்த ஒரு வயரை மாற்றியதோடு மீட்டர் வேலை பல நேரம் முடிந்துவிடும்.

பிறகும் முள் அசையாவிட்டால் யூனிட். வயர்களைக் கழற்றிவிட்டு ஓம் அளவு பாருங்கள். அமெரிக்க முறையில் காலியில் 240, நிறைவில் 33. ஐரோப்பிய முறையில் காலியில் 10, நிறைவில் 180. மலிவு மல்டிமீட்டரை 200 ஓம் இடத்தில் வைத்தால் 240-ஐக் காட்டாமல் வெறும் 1 என்று நிற்கும். யூனிட் போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள், 2000-க்கு மாற்றிப் பாருங்கள். டவுனில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கிடைத்த டிராக்டர் யூனிட்டைப் படகு மீட்டரோடு சேர்க்கும் பழக்கத்தில் இருக்கும் ஆபத்தும் இந்த இரண்டு முறைகளின் வித்தியாசம்தான். அந்த யூனிட் 10–180 வகையாகவும் மீட்டர் 240–33 வகையாகவும் அமைந்தால் முள் தலைகீழாகப் பேசும். டேங்க் காலியாகும்போது நிறைவு என்று காட்டும்.

பழைய கை மிதவை யூனிட்டில் தடத்தில் உரசும் தகடு தேயும், மிதவைக்குள் டீசல் புகுந்து மூழ்கும். ஸ்டீல் குழாய் யூனிட்டில் இரண்டும் கிடையாது. அலையிலும் முள் அவ்வளவாக ஆடாது. சுமார் 2 சென்டிமீட்டருக்கு ஒரு படியாக நகரும், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஆனால் இரும்பு டேங்க் வைத்திருப்பவர்கள் யோசித்து வாங்க வேண்டும். துருத்தூள் காந்த மிதவையில் ஒட்டி அதைக் குழாயோடு சிறைவைத்துவிடும். அங்கே பழைய கை மிதவையே மேல். ஃபைபர், அலுமினியம், பிளாஸ்டிக் டேங்குக்குக் குழாய் யூனிட்.

நீளம் டேங்கின் உள் ஆழத்தைவிட 2.5 சென்டிமீட்டர் குறைவாக வேண்டும். குச்சி விட்டு அளந்து வாருங்கள். தட்டில் ஐந்து துளைகள், சம இடைவெளியில் இல்லை. ஒரே ஒரு நிலையில்தான் ஐந்தும் சேரும். சேரவில்லை என்று துளையை அகலப்படுத்தாமல் தட்டைத் திருப்பிப் பாருங்கள். கேஸ்கட்டுக்கு மேல் சாதாரண சிலிக்கான் பசை வேண்டாம், டீசலில் ஊறி உப்பிக் கழன்றுவிடும். 24 வோல்ட் பேட்டரி வைத்த படகென்றால் மீட்டர் அதற்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள்.

முள் பாதியில் நின்றால் டீசல் பாதி இருக்கிறது என்று பொருளல்ல. அடிப்பக்கம் குறுகும் டேங்கில் கீழ்ப் பாதியில் கொள்ளளவு மிகக் குறைவு. காலி டேங்கில் பத்துப் பத்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தை மீட்டர் கண்ணாடியில் குறித்துவிடுங்கள். அதே அளவுகளை அளவுக்குச்சியிலும் கோடு போட்டுவிட்டால் முள் பொய் சொல்லும் நாளில் குச்சி பேசும்.

அமெரிக்க முறை குழாய் யூனிட் வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். மல்டிமீட்டரை மாட்டி, தட்டு மேலே இருக்கும்படி பிடித்தால் மிதவை அடியில் கிடக்கும், 240-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தால் மிதவை தட்டை நோக்கி ஓடும், எண் படிப்படியாக 33-க்கு இறங்க வேண்டும். நடுவில் எங்காவது எண் காணாமல் போனால் அந்தப் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.