சின்சில்லாவுக்கு எந்தப் படுக்கை? செட்டிநாட்டு வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

சின்சில்லா என்பது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த, அடர்ந்த ரோமமுள்ள சின்னக் கொறிக்கும் பிராணி. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அதை வளர்க்க நினைப்பவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கூண்டுத் தரையில் பரப்பும் எந்தப் படுக்கையும் வெயிலுக்கு மருந்தாகாது. அந்த மலைக் குளிருக்கென்றே அமைந்த உடம்பு இது. ஒரே மயிர்த்துளையிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட முடிகள் முளைக்கும், வியர்வை கிடையாது. அறை 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து தொடங்கிவிடும். இங்கே அக்னி நட்சத்திரத்தில் 38, 40 என்று அடிக்கிறது. நம் உயரமான கூரையும் முற்றத்துக் காற்றும் நமக்குப் போதும், அதற்குப் போதாது. ஏசி அறையும், கரண்ட் போனால் அந்த ஏசியை ஓட்ட ஒரு வழியும் இருந்தால்தான் மேற்கொண்டு படுக்கையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டு.

சரி, அது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சின்சில்லாவின் பற்கள் ஆயுள் முழுக்க வளரும், அதனால் கண்டதையெல்லாம் கடிக்கும். விழுங்கியதை வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகவே எந்தப் பொருளைக் கூண்டில் போட்டாலும் மூன்றைப் பார்க்க வேண்டும்: தின்றால் என்ன ஆகும், நனைந்தால் என்ன ஆகும், தூசி எவ்வளவு. மென்மையாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மரச்சீவல். பழைய கதவு, நிலை, தூண் வேலை நடக்காத தெரு இங்கே குறைவு. ஆசாரி பட்டறையில் இழைப்புளிச் சுருள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். பட்டறைச் சீவலில் பெரும்பங்கு தேக்கு. தேக்கில் உள்ள ரசாயனங்கள் ஆசாரிகளின் கையிலேயே அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். ராப்பகலாக அதன்மேலேயே உட்கார்ந்து, அதையே கொறிக்கும் ஒரு சின்ன உடம்புக்கு அது எப்படி ஒத்துக்கொள்ளும்? போதாக்குறைக்குப் பழைய மரத்தில் வார்னிஷ், கரையான் மருந்து என்று என்னென்ன ஏறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

மரச்சீவல்தான் வேண்டும் என்றால் இரண்டே இரண்டு. ஒன்று ஆஸ்பென். வாசனை எண்ணெய் இல்லாத மரம், வெளிநாட்டிலிருந்து வருவதால் விலை கூடுதல். இன்னொன்று சூளையில் உலர்த்திய பைன். பச்சைப் பைனிலும் தேவதாருவிலும் மூக்கைத் துளைக்கும் வாசனை வருகிறதே, அதுதான் மூச்சுக்குழாயையும் கல்லீரலையும் பாதிக்கும். சூளையில் உலர்த்தும்போது பைனில் அது பெருமளவு போய்விடும். தேவதாரு எந்த வடிவிலும் வேண்டாம்.

பைன் என்றதும் பார்சல் பெட்டிகளை உடைத்துச் சீவிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஏற்றுமதிப் பெட்டியில் முத்திரை இருக்கும். 'எம்பி' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம், தொடவே வேண்டாம். 'எச்டி' (HT) என்றால் சூடுபடுத்தியது. ஆனால் அந்தச் சூடு பூச்சியைக் கொல்ல மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிஷம் இருப்பதற்கானது. வாசனை எண்ணெயை வெளியேற்றுவது அதன் நோக்கமல்ல. அதனால் அதுவும் சரிப்படாது.

பாக்கெட் வாங்கியதும் ஒரு கைப்பிடி எடுத்து, முற்றத்தில் வெயில் சாய்வாக விழும் இடத்தில் உதறிப் பாருங்கள். சுருள்கள் கீழே விழுந்தபின் புகைபோல ஏதாவது மிதந்தால் அந்தப் பாக்கெட் வேண்டாம். நல்ல சீவலை இரண்டு, மூன்று அங்குல ஆழத்துக்குப் பரப்பினால் பாதத்துக்கு மெத்தென்று இருக்கும். கொஞ்சம் கடித்தாலும் பயமில்லை. குறை என்னவென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். அந்த அடர்த்தியான ரோமம் ஈரமாகிப் படர்தாமரை வந்தால், தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் அது ஒட்டும்.

காகிதப் படுக்கையில் தூசி குறைவு, உறிஞ்சும் திறன் அதிகம். ஆனால் ருசி கண்டுவிட்ட சின்சில்லா அதை அள்ளித் தின்னும், வயிற்றுக்குள் ஊறி உப்பும். கூண்டு முழுவதும் போட நான் சொல்ல மாட்டேன். அது மூத்திரம் போகும் மூலையில் வைக்கும் தட்டில் காகிதப் பெல்லட் (காகிதத்தை அழுத்திச் செய்த சிறு குளிகைகள்) போடலாம், அங்கே அது பிரமாதம். செய்தித்தாளோ தட்டுக்கு அடியில் விரிக்க மட்டுமே ஆகும்.

அடுத்தது துணி. எந்த வீட்டிலும் இந்த இடத்தில்தான் பெரியவர்கள் பழைய கண்டாங்கிச் சேலையோடு வருவார்கள். "பச்சப் புள்ளைக்கே இதத்தானப்பா விரிக்கிறோம், இதுக்கென்ன?" என்பார்கள். "புள்ள சேலையத் தின்னாது ஆச்சி, இது தின்னும்" என்பதுதான் பதில். பருத்தி நூல்நூலாகப் பிரியும். அந்த நூல் குடலில் சுருண்டு அடைக்கும், காலில் சுற்றினால் ரத்த ஓட்டத்தையும் நிறுத்தும். பூந்துவாலைக்கும் அதே கதை.

ஃப்ளீஸ் துணி, அதாவது போர்வைக்கு வரும் மெத்தென்ற பாலியெஸ்டர் துணி, அப்படியல்ல. வாங்குமுன் வெட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டி இழுத்துப் பாருங்கள். நூல் வராமல் பஞ்சுபோலத் துணுக்காக வந்தால் அது சரியான துணி. ஃப்ளீஸ் தானாக ஈரத்தைக் குடிக்காது, கீழே கடத்திவிடும். அதனால் அடியில் உறிஞ்சும் துணி ஒன்றை வைத்துச் சுற்றிலும் தைத்து, தையலை உள்பக்கம் மறைத்துவிட வேண்டும். புதுத் துணியை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே போடுங்கள், இல்லாவிட்டால் மூத்திரம் மேலேயே முத்தாக நிற்கும். கம்ஃபர்ட் மாதிரி திரவங்கள் ஆகாது. வாசனையில்லாத சோப்பும் கடைசி அலசலில் கொஞ்சம் வினிகரும் போதும்.

நம் ஊருக்கு ஃப்ளீஸ் இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. மாற்றிப்போட மூன்று நான்கு விரிப்பு தைத்துக்கொண்டால், வருஷத்தில் பெரும்பகுதி துவைத்துக் கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மழையில்கூட மின்விசிறிக்கடியில் பருத்தியைவிடச் சீக்கிரம் காயும். மாதாமாதம் பார்சலுக்குக் காத்திருக்கும் வேலையும் இல்லை.

உமி கோழிப்பண்ணைக்குச் சரி, இங்கே தூசியும் குத்தலும்தான். கடலை உடைத்த தோலில் பூஞ்சை நஞ்சு இருக்கலாம். தேங்காய் நார்த்தூள் குடித்த தண்ணீரை விடாது, காய்ந்தாலோ பொடியாகப் பறக்கும். பூனைக்கு விற்கும் கட்டிபடும் மணல் வயிற்றிலும் கட்டிபடும். வெறும் கம்பித்தரை பாதத்தைப் புண்ணாக்கும். இவை எதையும் விலை குறைவு என்பதற்காக யோசிக்க வேண்டாம்.

படுக்கையோடு ஒரு கல்லும் வேண்டும். சின்சில்லா உடம்பைக் குளிர்த்திக்கொள்ளக் கல்மேல் வயிறு படப் படுக்கும். ஆத்தங்குடிக் கல் வீட்டுக்கு வீடு மிச்சம் கிடக்கும் என்றாலும் அது சிமெண்டும் சாயமும் சேர்ந்தது, மூத்திரத்தையும் உறிஞ்சும். அறைத் தரைக்கு அழகு. கூண்டுக்குள் கிரானைட் கடையில் வெட்டி எஞ்சிய துண்டு ஒன்றை, ஓரம் மழுக்கி வாங்கிப் போடுங்கள்.

என் தேர்வு: கூண்டின் மேல்தளப் பலகைகளிலும் படுக்குமிடத்திலும் ஃப்ளீஸ், மூத்திர மூலையில் மட்டும் ஒரு தட்டில் காகிதப் பெல்லட்டோ உலர்த்திய பைன் சீவலோ. துணியைப் பிய்த்து விழுங்கும் பழக்கமுள்ள பிராணி என்றால் ஃப்ளீஸை அன்றே எடுத்துவிட்டு முழுக்க ஆஸ்பெனுக்கு மாறுங்கள், அப்போது விலை பார்க்கக் கூடாது. மழை மாதங்களில் சீவலைப் பாதி அளவாகக் குறைத்து அடிக்கடி மாற்றுங்கள். மாற்ற வேண்டிய நேரத்தைக் காலண்டர் பார்த்து முடிவு செய்வதைவிட, குனிந்து கூண்டுத் தரை மட்டத்தில் முகர்ந்து பார்ப்பது நல்லது. நம் உயரத்துக்கு வராத அமோனியா நெடி அங்கே முன்கூட்டியே தெரியும்.

புதுப் படுக்கைக்கு மாற்றிய முதல் வாரம் புழுக்கையைக் கவனியுங்கள். வழக்கத்தைவிடச் சிறுத்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, வைக்கும் புல்லைத் தொடாமல் இருந்தாலோ ஏதோ விழுங்கியிருக்கக்கூடும். நாளை பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள், கடித்த துணியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.