மிதிப்பெட்டியும் சுண்டெலியும்: மூன்று வருட அனுபவம்

எட்டுக் கோழிகள் வளர்க்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள், பொழுது சாய்ந்தபிறகு டார்ச்சோடு கூண்டைத் திறந்தேன். தீவனத் தட்டில் ஆறேழு சுண்டெலிகள். மேலே கம்பில் கோழிகள் அடைந்து, அசையாமல் இருந்தன. பகலில் எலியைக் கண்டால் துரத்திக் கொத்தும் கோழிகள்தான். ஆனால் இருட்டினால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது.

முதலில் பொறி வைத்தேன். கோழியின் கால் மாட்டாதபடி, ஓட்டை போட்ட மரப்பெட்டிக்குள் சுவரை ஒட்டி வைத்தேன். தினமும் விழுந்தது, ஆனாலும் குறையவில்லை. எப்படிக் குறையும்? சுண்டெலி மூன்றே வாரத்தில் ஐந்தாறு குட்டி போடும். அந்தக் குட்டிகளும் ஒன்றரை, இரண்டு மாதத்தில் குட்டி போடத் தயாராகிவிடும். தட்டில் தீனி இருக்கும்வரை இது ஓயாது. விஷம் வைக்க எனக்கு மனமில்லை. விஷம் தின்ற எலி பட்டப்பகலில் தள்ளாடி வெளியே வரும். கோழி அதைக் கொத்தித் தின்னும். அந்த விஷம் கோழியின் ஈரலில் தங்கி முட்டைவரை போகும்.

அதனால்தான் மிதிப்பெட்டி என்ற மூடிபோட்ட தீவனப்பெட்டியை வாங்கினேன். கோழி பலகையில் ஏறி நின்றால் மூடி திறக்கும், இறங்கினால் மூடிக்கொள்ளும். சுண்டெலியின் எடை இருபது கிராம் சொச்சம்தான், அதற்குப் பலகை அசையாது. கோழிகளைப் பழக்கத்தான் பொறுமை வேண்டும். பலகைமேல் செங்கல் வைத்து முதல் வாரம் மூடியை முழுக்கத் திறந்தே விட்டேன். அடுத்த வாரம் பாதி. அதன்பிறகுதான் செங்கலை எடுத்தேன். மூடி அசையும் சத்தத்துக்கு மிரண்ட ஒரு கோழி மட்டும், மற்றவை தின்னும்போது பக்கத்தில் நின்று கொத்தப் பழகிக்கொண்டது. இன்றும் அப்படித்தான்.

நாலு மாதம் நிம்மதியாகப் போனது. அப்புறம் பெட்டிக்குப் பின்னால் மறுபடி புழுக்கை. எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல், ஒரு ராத்திரி தரையில் சாம்பலைச் சலித்துத் தூவி வைத்தேன். காலையில் பார்த்தால், மூலையிலிருந்து சுவரோரமாகவே பொடிப்பொடியாய்க் கால்தடம், நடுவே வால் இழுபட்ட கோடு, நேராகப் பெட்டியின் பின்பக்கம். அங்கே மூடியின் கீலுக்கு அடியில் பென்சில் பருமனுக்கு ஓர் இடைவெளி. சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும். தகரப் பட்டை வைத்து ரிவிட் அடித்தேன், அன்றோடு நின்றது. வாங்குபவர்கள் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெட்டி மட்டும் போதாது. கோழி அலகால் தள்ளிச் சிந்துவதே ஒரு எலிக் குடும்பத்துக்குத் தாராளம். ஒரு சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு மூன்று கிராம் இருந்தால் போதும். நான் தூள் தீவனத்தை விட்டுக் குருணைத் தீவனத்துக்கு மாறினேன். பொழுது சாயும் முன் பெட்டிக்கடியைச் சுத்தமாகக் கூட்டிவிடுகிறேன். புழுக்கை கிடந்தால் மட்டும் உலர்ந்தபடி கூட்டுவதில்லை. ப்ளீச் கலந்த தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, முகக்கவசம் போட்டுத் துடைத்தெடுக்கிறேன். அதில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம்.

வலை விஷயத்தில் நான் ஏமாந்தேன். அறுகோணக் கண் போட்ட கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், எலியை வெளியே வைக்காது. அதைக் கழற்றிவிட்டு, 6 மி.மீ. கண் உள்ள கெட்டிக் கம்பிவலையைச் சுற்றிலும் அடித்து, மண்ணுக்குள்ளும் ஓர் அடி இறக்கினேன். கூண்டையும் கால் கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்தினேன். தரையோடு ஒட்டிய பலகைக்கு அடியில்தான் அவை கூடு கட்டியிருந்தன.

குறைகளும் உண்டு. இரண்டாம் வருடம் ஸ்பிரிங் தளர்ந்து மூடி ஒரு விரல் அளவு திறந்தே நின்றது, மாற்ற வேண்டியிருந்தது. எடை குறைந்த விடலைக் கோழிகளால் பலகையை மிதிக்க முடியவில்லை. அவற்றுக்குத் தனிக் கிண்ணத்தில் வைத்து, சாயங்காலம் எடுத்துவிடுகிறேன்.

பொறிகள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. வெளியே மழையோ குளிரோ கூடும்போது ஒன்றிரண்டு விழும். போன நாலு மாதமாக எதுவும் விழவில்லை.