நூலகம் இணைய நூலகம்: தேடத் தெரிந்தால் புதையல்

ஈழத்துப் பழைய சஞ்சிகையில் வந்த கட்டுரை வேண்டுமா? முதலில் பார்க்கவேண்டிய இடம் 'நூலகம்' தளம். கட்டணமில்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. 2005இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கியது. 2008இல் நூலக நிறுவனமாக வளர்ந்தது. ஆரம்பத்தில் நூல்களைத் தட்டெழுதி ஏற்றினார்கள். அந்த வேகத்தில் கொஞ்சம்தான் தேறும் என்பதால், பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கும் முறைக்கு மாறினார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோன சமூகத்துக்கு இந்த வேலை எவ்வளவு அவசியம் என்று விளக்கத் தேவையில்லை.

ஆவணம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் உண்டு. நூலக எண், ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு. கீழே 'வாசிக்க' என்ற பகுதியில் கோப்பும் அதன் அளவும். அதற்கும் கீழே இருக்கும் 'உள்ளடக்கம்'தான் இந்தத் தளத்தின் உயிர். இதழில் உள்ள கட்டுரை, கதை, கவிதைத் தலைப்புகளை, எழுதியவர் பெயரோடு ஆட்கள் உட்கார்ந்து தட்டியிருக்கிறார்கள். பிடிஎஃப் பெரும்பாலும் வெறும் படம். அதற்குள் இருக்கும் சொல்லைத் தேடல் பெட்டி பிடிக்காது. இந்தப் பட்டியலைத்தான் பிடிக்கும்.

அதனால் எழுத்தாளரைத் தேடும்போது தலைப்பெழுத்துகளை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் போடுங்கள். 'கா.சிவத்தம்பி' என்று புள்ளி, இடைவெளியோடு மல்லுக்கட்டுவதைவிட 'சிவத்தம்பி' போதும். கவிஞர் நுஃமானைத் தேடினால் 'நுஹ்மான்' என்றும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்; அச்சில் இரண்டும் உண்டு. இதழ்களுக்குப் பெயரோடு ஆண்டும் மாதமும்: 'மல்லிகை 1980.02' என்பதுபோல. புனைபெயரில் எழுதியவர் என்றால் முதலில் அவரைப் பற்றிய குறிப்பு உள்ள 'ஆளுமை' பக்கத்தைப் பாருங்கள்.

சில பக்கங்களில் விவரம் இருக்கும், கோப்பு இருக்காது. பதிப்புரிமையாளரின் அனுமதி கிடைக்காதவையும் அவற்றில் உண்டு. காத்திருக்கச் சலிப்புத்தான், ஆனால் அதுவே நேர்மையான வழி.

பலரும் தாண்டிப்போகும் பகுதி நினைவு மலர்கள். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் 'கல்வெட்டு' என்ற சிறு நினைவு நூலில் தேவாரத்தோடு வம்சாவளியும் ஊர்க் கோயில் விவரமும் கிடைக்கும். ஊர் வரலாறு எழுதுபவருக்கு வேறெங்கும் அகப்படாத தகவல்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் இப்படி ஏதும் இருந்தால் நூலக நிறுவனத்துக்குக் கொடுங்கள். நீங்களே ஸ்கேன் செய்வதானால் முன்னட்டை, பின்னட்டை, பதிப்பு விவரப் பக்கம் மூன்றையும் விடாதீர்கள். அச்சகமும் ஆண்டும் அங்கேதான் இருக்கும்.